தாத்தாவுக்கு ஏற்றது அன்றாடத்துக்கு உதவும் பரிசே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'முதிய தாத்தாவின் பிறந்தநாளுக்கு ஏற்ற பரிசு நினைவைப் போற்றுவதா, அன்றாடத்துக்கு உதவுவதா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், குடும்பத்தார் அனைவரும் நிற்கும் சட்டமிட்ட புகைப்படமும், பொன்னாடையும், பெயர் பொறித்த வெள்ளித் தட்டும்தான் பெரியவருக்குப் பெருமை சேர்க்கும் என்றார். கைத்தடியையும் காது கேட்கும் கருவியையும் நீட்டுவது 'உங்களுக்கு வயதாகிவிட்டது' என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும் என்றும் வருந்தினார். அவருடைய வருத்தத்தில் அன்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அவர் பேசியதெல்லாம் விழா நடக்கும் அந்த ஒரு நாளைப் பற்றியது. நான் மறுநாள் காலையிலிருந்து பேச விரும்புகிறேன்.

அந்த ஒரு நாளையேகூடக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எண்பது நிறைந்தவருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடக்கிறது. உறவினர் ஒவ்வொருவராக வந்து காலில் விழுந்து வணங்கி, ஏதோ இரண்டு வார்த்தை அன்பாகச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். மேளச் சத்தத்துக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவர் எல்லோருக்கும் தலையசைக்கிறார், புன்னகைக்கிறார், ஆசி கூறுகிறார். அவர்கள் சொன்னதில் பாதி அவர் காதில் விழவே இல்லை. யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அன்றிரவு பாட்டியிடம் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்காக நடந்த விழாவே அவரை முழுதாகச் சென்றடையவில்லை என்றால், அந்த விழாவில் போர்த்திய பொன்னாடை எதை ஈடுசெய்யும்?

இது ஏதோ ஒரு வீட்டுக் கதையன்று. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும் அளவுக்குச் செவித்திறனை இழந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூப்பினால் காது மந்தமாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகள். அதனால்தான் மகனின் கனத்த குரல் ஓரளவு கேட்கும்போதே பேத்தியின் மெல்லிய குரல் அவருக்கு எட்டாமல் போகிறது. உயிரொலிகள் காதில் விழுந்தும் ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிடுவதால், 'நீ பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை' என்கிறார் அவர். நாமோ அதைப் புரிந்துகொள்ளாமல் கத்துகிறோம். அவர் மூன்றாம் முறை 'என்னப்பா?' என்று கேட்டால், 'ஒன்றுமில்லை, விடுங்கள் தாத்தா' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். எதிரணித் தலைவர் அவமானம் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நடுவர் அவர்களே, அவமானம் கருவியில் இல்லை. அந்த 'விடுங்கள் தாத்தா'வில்தான் இருக்கிறது. இப்படி விடப்பட்ட மனிதர் மெல்ல மெல்லக் கூடத்திலிருந்து தம் அறைக்குள் ஒதுங்கிவிடுகிறார். மறதி நோய்க்கான காரணிகளுள் நாம் தலையிட்டு மாற்றக்கூடியவை எவை என்று ஆராய்ந்த 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம், 2020 ஆம் ஆண்டு அறிக்கையிலும் 2024 ஆம் ஆண்டு அறிக்கையிலும் செவித்திறன் இழப்பை அப்பட்டியலில் சேர்த்திருக்கிறது.

'கடையில் வாங்கிக் கையில் கொடுத்தால் இழுப்பறையில்தானே கிடக்கும்?' என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். கிடக்கும்தான், கடையில் பார்த்தவுடன் வாங்கிக் கொடுத்தால்! மலிவான ஒலிபெருக்கும் கருவி, மின்விசிறியின் இரைச்சலையும் பாத்திரம் விழும் ஓசையையும் பேச்சோடு சேர்த்துப் பெரிதாக்கி அவரைத் துன்புறுத்தும். முறையாகச் செய்வதென்றால், முதலில் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சில நேரங்களில் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதன்பின் ஆடியோகிராம் பரிசோதனை செய்து, எந்தச் சுருதியில் எவ்வளவு இழப்பு என்று அறிந்து, அதற்கேற்பக் கருவியை அமைத்துத் தர வேண்டும். விரல் நடுங்குபவருக்குக் காதுக்குள் மறையும் சின்னஞ்சிறு கருவியைவிட, காதின் பின்புறம் பொருத்துவதும், பேட்டரி மாற்றத் தேவையின்றிச் சார்ஜ் செய்துகொள்வதும் எளிது. பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நாள்தோறும் சிறிது நேரம் போட்டுப் பழக, அருகில் ஒருவர் பொறுமையாக இருக்க வேண்டும்.

'அப்படியானால் பிறந்தநாளன்று கொடுத்து வியப்பில் ஆழ்த்த முடியாதே' என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. நம் தாத்தாக்களில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதியது. வீட்டில் கொண்டாடுவது தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்த்து. இரண்டு பிறந்தநாளோடு வாழ்ந்தவருக்குப் பரிசு ஒரு மாதம் முன்னே பின்னே வருவது குறையாகத் தோன்றாது. அவரைக் கேட்காமல் வாங்குவதைவிட, அவரோடு மருத்துவமனைக்குப் போய், அவர் காதில் மாட்டிப் பார்த்து, 'இது சரியாக இருக்கிறதா தாத்தா?' என்று கேட்டு வாங்குவதில்தான் மரியாதை இருக்கிறது.

கைத்தடிக்கும் இதே நியாயம்தான். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் பிடி அமைய வேண்டும். அளவு பார்க்காமல் வாங்கிய அழகான தடி தோளை நோகச் செய்யும். குளியலறைச் சுவரில் பதிக்கும் கைப்பிடியை யாரும் வண்ணத்தாளில் சுற்றிக் கொடுக்க முடியாது. ஆனாலும் ஈரத் தரையில் அவர் துணையின்றி நின்று குளிக்க முடிவது அதனால்தான்.

இவையெல்லாம் முதுமையை இழிவுபடுத்தும் பொருள்கள் என்றால், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்காக மத்திய அரசு 2017 இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் எதைத் தருகிறது என்று பாருங்கள்: கைத்தடி, நடைச்சட்டம், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, பல்செட், மூக்குக் கண்ணாடி. ஒரு முதியவர் தம் காலில் தாமே நிற்க எவை தேவை என்பதை அந்தப் பட்டியல் தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

புகைப்படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கூடத்துச் சுவரில் உயரத்தில் தொங்கும். கண்புரை வந்தவருக்கு அதிலுள்ள முகங்கள் மங்கலாகத்தான் தெரியும். புரை நீக்கும் அறுவைக்குத் துணை சென்று, முகங்கள் தெளிந்தபின் அந்தப் படத்தை அவர் கையில் கொடுக்கலாம். அதை நானும் வரவேற்பேன்.

கடைசியாக ஒன்று. காதுக் கருவி வாங்கியதோடு வேலை முடியாது. அதன் முனையில் படியும் குறும்பியைத் துடைக்க வேண்டும், இரவில் மறக்காமல் சார்ஜில் போட வேண்டும், அவ்வப்போது கொண்டுபோய் ஒலியைச் சரிசெய்துவர வேண்டும். எதிரணி இதைச் சுமை என்றது. அந்தப் பொறுப்பைப் பேரனோ பேத்தியோ ஏற்றுக்கொள்ளட்டும் என்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் மாட்டிவிட்டு, சரியாகக் கேட்கிறதா என்று சோதிப்பதற்காகவாவது அவரோடு பேசித்தானே ஆக வேண்டும்! தங்கள் தீர்ப்பை எதிர்நோக்கி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.