மன்றாடும் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

'உனக்குத் துரோகம் செய்துவிட்டேன், மன்னித்துவிடு.' இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பாட முடியுமா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் முடியும். அது மன்றாடப் படித்தது தேவாலயத்தில்.

அந்தத் தேவாலயங்களில் ஒருவர் எழுந்து தன் தவறைச் சாட்சியாகச் சொன்னால், சபை சும்மா உட்கார்ந்திருக்காது. 'ஆமாம், சொல்லு' என்று கூடவே குரல் கொடுக்கும். 1950களில் அந்தப் பாடுமுறை அப்படியே காதல் பாட்டுக்குள் வந்தது. 1956இல் ஜேம்ஸ் பிரவுன் தன் முதல் இசைத்தட்டில் 'தயவுசெய்து' என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் பாடினார். மேடையில் அதைப் பாடும்போது மண்டியிட்டு விழுவார். சபையின் இடத்தில் பின்னணிப் பாடகர்கள் நின்றார்கள். அப்புறம் அந்த மெதுவான தாளம், இழுத்துப் பிடிக்கும் ஆர்கன் வாத்தியம், எல்லாமே பழைய வழிபாட்டின் சொத்து.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. கடவுளிடம் கேட்டால் மன்னிப்பு உண்டு என்று நம்பிப் பாடலாம். வீட்டில் இருக்கும் மனைவியிடம் அந்த உறுதி கிடையாது. பாடகரின் குரல் உடைவது அந்தப் பயத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வகையில் எனக்கு மிக நெருக்கமானது, 1967இல் வெற்றி பெற்ற ஜேம்ஸ் காரின் 'தி டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்'. எழுதியவர்கள் டான் பென், சிப்ஸ் மோமன். ஒளிந்து சந்திக்கும் இருவரின் கதை. செய்வது தவறு என்று இருவருக்கும் தெரியும். இதற்கு ஒருநாள் விலை கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். மனைவி சரியில்லை, தனிமை தாங்கவில்லை என்ற சாக்கு எதுவும் பாட்டில் இல்லை. ஜேம்ஸ் கார் அதைக் கத்தாமல், நெஞ்சுக்குள் அடக்கி அடக்கிப் பாடுகிறார். சாக்கு சொல்லாத அந்தக் குரலை என்னால் நம்ப முடிகிறது. பென், மோமன் இருவரும் எழுதி, அதே ஆண்டு அரீதா ஃபிராங்க்ளின் பாடிய இன்னொரு பாட்டு, ஒழுக்கமான பெண் வேண்டும் என்றால் நீயும் ஒழுக்கமாக இரு என்று ஆணிடம் நேராகவே சொல்கிறது.

சரி, ஏமாற்றப்பட்டவள் என்ன சொல்கிறாள்? 1974இல் ஷர்லி பிரவுன் பாடிய 'வுமன் டு வுமன்' ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. தன் ஆளின் பையில் கிடைத்த எண்ணுக்கு அவள் கூப்பிடுகிறாள். முதலில் பாட்டே இல்லை, வெறும் பேச்சு. மரியாதையாக, நிதானமாக, அவன் எனக்கு யார் என்று அந்த இன்னொரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்கிறாள். பிறகுதான் குரல் பாட்டாக எழுகிறது. அந்த ஆண் கடைசிவரை வாயே திறப்பதில்லை. அவன் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பின் பாரத்தையும் அவளே சுமக்கிறாள்.

வாய்ப்பு கிடைத்தால் முதலில் ஜேம்ஸ் காரையும், அடுத்து ஷர்லி பிரவுனையும் கேளுங்கள். முதல் பாட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு இரங்கிய அதே மனம், இரண்டாவதில் அவள் பேசத் தொடங்கியதும் யார் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.