380 ரூபாய் கைடும் எங்கள் ஆயாவின் பி.பி.யும்

வணக்கம் மக்களே. வழக்கம்போல மொட்டை மாடிதான், காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸில் அவசர உதவி செய்கிறவர்களுக்கான தேர்வுக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறேன் என்று இன்றைக்குச் சொல்வதாக இருந்தேன். அது அப்புறம். முதலில் அந்தத் தேர்வுக்காக வாங்கிய இந்தக் கைடைப் பற்றிப் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அட்டையைக் காட்ட மாட்டேன், பெயரும் வேண்டாம். விலை 400 போட்டிருந்தது, கடைக்காரர் 20 குறைத்து 380க்குக் கொடுத்தார். அந்த 20 ரூபாய்க்காக நான் நின்று பேசிய நேரம் எனக்குத்தான் தெரியும். முன்னட்டையில் சிவப்பு எழுத்தில் 'புதிய பதிப்பு' என்று பெரிதாக இருக்கிறது. 380 ரூபாய் மக்களே! அந்தக் காசுக்கு க்ரேப் பேண்டேஜ் வாங்கியிருந்தால் வீட்டில் இருக்கிற எல்லோருடைய கையிலும் காலிலும் கட்டிக் கட்டிப் பழகியிருப்பேன்.

உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? பெரியவர்களுக்குத் தனி ஆளாக சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது) கொடுக்கும்போது 15 அழுத்தம், 2 மூச்சு என்று போட்டிருக்கிறார்கள். 30க்கு 2 என்று மாறியது 2005இல்! 15க்கு 2 இன்றும் இருக்கிறது, ஆனால் அது குழந்தைகளுக்கு, இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது மட்டும். அடுத்த பக்கத்தில், முதலில் மூச்சுப் பாதை, பிறகு மூச்சு, கடைசியில் நெஞ்சு அழுத்தம் என்கிறார்கள். 2010லேயே அந்த வரிசையை மாற்றி, அழுத்தம்தான் முதலில் என்று ஆக்கிவிட்டார்கள். காதை வாயருகே வைத்துப் 'பார், கேள், உணர்' என்பதையும் அப்போதே எடுத்தாயிற்று. நம்மைப் போல ஆம்புலன்ஸுக்குப் போகிறவர்கள் மூச்சையும் கழுத்து நாடியையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், அதுவும் 10 நொடிக்குள். நாடி இல்லையா, உடனே நெஞ்சில் கை.

சரி, கை வைத்த பிறகு? நிமிடத்துக்கு 100லிருந்து 120. ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இதைப் படித்துப் பிரயோஜனமே இல்லை, கைக்கு வர வேண்டும். கிளாஸில் பொம்மை ஒன்றுதான், வரிசையில் நின்றால் நம் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணைக்குள் ஒரு காலி பாட்டிலைச் சொருகித் துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஒரே அமுக்கில் நசுங்கிவிடும். கூல்டிரிங்க்ஸ் வருகிற கெட்டியான பாட்டில், மூடியைத் திருகி வைத்தது. அழுத்தினால் உள்ளே போகும், கையைத் தளர்த்தினால் 'டக்' என்று திரும்பும். அந்த 'டக்' வராவிட்டால் நீங்கள் நெஞ்சின் மேல் சாய்ந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். தாளம் தட்டுகிற மெட்ரோனோம் ஆப்பில் நிமிடத்துக்கு 110 வைத்து 2 நிமிடம் செய்து பாருங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது தோளுக்கே புரிந்துவிடும்.

இன்னொன்று, தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொள்வது. 2025 அக்டோபரில் அமெரிக்க இதய சங்கம் விட்ட புது வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கும் முதலில் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம் என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய புத்தகங்களில் நேராக வயிறுதான். கைக்குழந்தைக்கு சி.பி.ஆர். செய்ய இரண்டு விரலால் அழுத்துவதையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள். இரண்டு கட்டைவிரல், இல்லையென்றால் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. உங்கள் தேர்வு எந்த ஆண்டு வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறது என்று பயிற்சி கொடுக்கிறவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த பக்கம். பாம்புக்கடி. 'கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, ரத்தத்தை வெளியேற்றவும்.' இதை வேலூர் மாவட்டத்தில் உட்கார்ந்து ஒரு பையன் மனப்பாடம் செய்தால் என்ன ஆகும்? அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துபோனது. ரோடு இல்லாததால் அந்த உடலைத் தாயே கையில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்தார். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு இப்படி ஒரு புத்தகத்தை விற்கிறார்கள்.

கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சவே கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல கை காலுக்குச் சிம்பு வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு விரைவாகக் கொண்டுபோக வேண்டும். நம்மிடம் இருக்கிற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே வேலை செய்யும். அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

தேர்வில் மாட்டுகிற இடம் இங்கேதான். ஹைவேயில் விபத்து, கால் நசுங்கி ரத்தம் பீறிடுகிறது, அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. அங்கே டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற பட்டை, கட்டத்தான் வேண்டும், தயங்கவே கூடாது. காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டின் மேல் வராமல், கட்டிய நேரத்தை எழுதி வைத்து. ரத்தப்போக்குக்குக் கட்டு, பாம்புக்கடிக்குக் கட்டாதே. இந்த இரண்டையும் அடுத்தடுத்த கேள்வியாக வைத்தால் பாதிப் பேர் குழம்பிவிடுவார்கள்.

வெயில் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மார்ச் முடிவதற்குள் 'வேலூரில் வெயில் சதமடித்தது' என்று பேப்பரில் வந்துவிடும், அதனால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இது வருமென்று எனக்கு நிச்சயம். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல், கூடவே பிதற்றல், மயக்கம் என்றால் ஹீட் ஸ்ட்ரோக். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடம்பை நனைத்து விசிறுங்கள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். வண்டி கிளம்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

அப்புறம், நல்ல செய்தி! எனக்கு பி.பி. கேட்டுவிட்டது! ஸ்டெதாஸ்கோப்பில் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது என்று புலம்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? நேற்று ஃபேனை நிறுத்திவிட்டு ஆயாவை 5 நிமிடம் சும்மா உட்கார வைத்தேன். "என்னாடி, கை மரத்துப்போவுது" என்று ஒரே பேச்சு. பேசினால் பி.பி. ஏறும் ஆயா என்று கெஞ்சி அடக்கி, மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்தேன். நாடி மறைந்த இடத்துக்கு மேல் இன்னும் 30 ஏற்றி, நொடிக்கு 2, 3 புள்ளியாக இறக்கினேன். 136இல் முதல் 'டொக்'. எனக்குச் சிலிர்த்துவிட்டது. 82இல் சத்தம் நின்றது. தெருக்கோடியில் இருக்கிற நர்ஸ் அக்கா வந்து பார்த்ததில் 138க்கு 82!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். பி.பி. கருவியின் டயலில் ஒவ்வொரு கோடும் 2. அதனால் 137 என்று எழுதினால், நீங்கள் சத்தத்தைக் கேட்கவே இல்லை, சும்மா எழுதியிருக்கிறீர்கள் என்று தேர்வு எடுப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பாம்புக்கடியிலும் ஒன்று பாக்கி: மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கைடை நாளைக்குக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். தப்பான பக்கங்களில் எல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், காசு தருகிறாரோ இல்லையோ, அதை அவரிடம் காட்டாமல் வர மாட்டேன். அடுத்த வீடியோவில் தொடை எலும்பு முறிவுக்குச் சிம்பு கட்டுவது. கால் கொடுக்க என் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான்.