பக்கத்து நாற்காலியில் இருப்பவர்

(புதிய திரைக்கதை எழுத்தாளர்களுக்கான பயிலரங்கின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

மூன்று நாளாக உங்களோடு இருக்கிறேன். இடைவேளைகளில் உங்களில் பலர் தனியாக வந்து பேசினீர்கள். எங்கெங்கோ ஆரம்பித்த பேச்செல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. "அக்கா, கையில கதை இருக்கு. உள்ளே யாரையும் தெரியாது. யாரைப் போய்ப் பார்க்கிறது?" நேற்று ஒரு தம்பி நேரடியாகவே கேட்டுவிட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்ச தயாரிப்பாளர் ஒருத்தரோட நம்பர் மட்டும் குடுங்கக்கா, மீதியை நான் பார்த்துக்கிறேன்."

அவர் கேட்டதில் தவறே இல்லை. நானும் ஒரு காலத்தில் அதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். எனக்கு நம்பர் கிடைக்கவும் செய்தது. கிடைத்த பிறகு என்ன ஆயிற்று என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

138 பக்கம். ஸ்பைரல் போட்டு, அட்டை போட்டு, பவுண்ட் ஸ்கிரிப்டை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இயக்குநர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதையைப் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். முடிந்ததும் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை நாள் ஷூட்டிங் வரும்? எத்தனை காட்சி இரவில் நடக்கிறது? இதே மாதிரிக் களத்தில் சமீபத்தில் வந்த படங்கள் என்ன ஆயின? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "எழுதுறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றார். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய நம்பர் அன்றோடு தீர்ந்துபோனது.

அன்று இரவு அதே ஸ்கிரிப்டை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். மொத்தம் 96 காட்சி. அதில் 41 காட்சிகளின் தலைப்பில் 'வெளி – இரவு' என்று இருந்தது. 11 காட்சிகளில் மழை. அந்தப் பதினொன்றில் மூன்றைத் தவிர மற்ற எதிலும் மழைக்குக் கதையில் வேலையே இல்லை. எழுதும்போது மனதுக்கு இதமாக இருந்தது, எழுதிவிட்டேன். 'இரவு' என்று நான் போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஜெனரேட்டர் இருக்கிறது, பெரிய விளக்குகள் இருக்கின்றன, கண் விழித்து நிற்கும் ஒரு குழு இருக்கிறது, மறுநாள் பகலில் எதையும் எடுக்க முடியாமல் போகும் அட்டவணை இருக்கிறது. 'மழை' என்றால் தண்ணீர் லாரி, ஒரே உடையில் நாலைந்து பிரதி, ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் நடிகரின் தலையைத் துவட்டிக் காய வைக்கும் நேரம்.

இதற்காக இரவுக் காட்சியே எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த இரவு இல்லாவிட்டால் கதை நிற்காது என்றால் அதற்காக நீங்கள் வாதாட வேண்டும். வாதாடுவதற்கு அதன் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொழிலறிவு என்று நான் சொல்வது இதைத்தான். எந்த நடிகர் எந்த நிறுவனத்துக்குத் தேதி கொடுத்தார் என்ற செய்தியை நாள் முழுக்கப் படித்தாலும் இது வராது.

எனக்கு இது வந்தது ஒரு சின்ன வேலையில். ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வருகிற ஸ்கிரிப்டுகளைப் படித்து அறிக்கை எழுதித் தர ஆள் தேடினார்கள். கவரேஜ் என்பார்கள். மேலே ஒரு கட்டம்: தலைப்பு, பக்க எண்ணிக்கை, எந்த வகைப் படம், எந்தக் காலம், ஒன்லைன், அதாவது முழுக் கதையும் ஒரே வரியில். அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்தில் கதைச் சுருக்கம். பிறகு ஒரு பக்கம் கருத்து. கடைசி வரியில் ஒரே ஒரு சொல். தள்ளலாம், யோசிக்கலாம், எடுக்கலாம், இந்த மூன்றில் ஒன்று. இரண்டு ஆண்டில் முந்நூறு ஸ்கிரிப்டுக்கு மேல் படித்தேன். 'எடுக்கலாம்' என்று எழுதியது நான்கே தடவை.

அந்த அறிக்கையில் எனக்கு அதிக நேரம் பிடித்தது எது தெரியுமா? ஒன்லைன் கட்டம்தான். சில ஸ்கிரிப்டுகளை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த ஒரு வரி வராது. முதலில் என் மொழித்திறன் போதவில்லை என்று நினைத்தேன். ஐம்பது, அறுபது படித்த பிறகு புரிந்தது. அந்தக் கதைகளின் நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது எழுதியவருக்கே தெரியவில்லை. ஆசை இல்லாத ஆளைப் பற்றி ஒன்லைன் எழுத முடியாது. வீட்டுக்குப் போய் என் 138 பக்கத்துக்கு ஒன்லைன் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. சொந்த எழுத்தில் என் கண்ணுக்குப் படாதது, மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் படித்துத்தான் பட்டது.

இன்னொன்றும் அங்கேதான் பார்த்தேன். ஒரு ஸ்கிரிப்ட் பெரியவர்கள் மேசைக்குப் போகும் முன் எங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கும். உதவியாளர்கள், வாசிப்பவர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கண் எரிய எரியப் படிப்பவர்கள். அமெரிக்காவில் பிளாக் லிஸ்ட் என்ற பட்டியல் இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் பிறந்தது. 2005இல் ஃபிராங்க்ளின் லெனர்ட் என்பவர் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் ஸ்கிரிப்ட் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தார். விடுமுறையில் படிக்க நல்ல ஸ்கிரிப்ட் வேண்டும் என்று, தன்னைப் போலவே வேலை பார்த்த சுமார் 75 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நீங்கள் படித்ததில் பிடித்த, இன்னும் படமாகாத பத்துத் திரைக்கதைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து எல்லோருக்கும் திருப்பி அனுப்பினார். அந்த முதல் பட்டியலில் இருந்த ஒரு திரைக்கதை 2008இல் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது வாங்கியது. ஒரே நிலையில் வேலை பார்த்த எழுபத்தைந்து பேர் தங்களுக்குப் பிடித்ததைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதில் வந்த விளைவு இது.

சரி, அப்படி ஒரு வேலை எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்கள் எல்லோருக்கும் கிடைக்கும். அதைப் படிப்பவர்கள்தான் குறைவு. அமெரிக்கப் படங்களில் எழுத்தாளர் பெயர்களுக்கு நடுவில் சில இடத்தில் '&' குறி இருக்கும், சில இடத்தில் 'அண்ட்' என்ற சொல் முழுதாக இருக்கும். இரண்டும் ஒன்றென்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அங்குள்ள எழுத்தாளர் சங்கத்தின் விதிப்படி '&' போட்டால் இருவரும் ஒரே அணியாகச் சேர்ந்து எழுதினார்கள் என்று பொருள். சொல்லாக எழுதினால் இருவரும் தனித்தனியாக எழுதினார்கள், பெரும்பாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றி எழுதினார் என்று பொருள். ஒரு குறிக்குள் இத்தனை சரித்திரம். பிடித்த படம் முடிந்ததும் எழுந்து போகாமல், கதை யார், திரைக்கதை யார், வசனம் யார், ஸ்கிரிப்ட் ஆலோசகர் யார், இணை இயக்குநர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் இதைச் செய்தால், யார் யாரோடு திரும்பத் திரும்ப வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியத் தொடங்கும்.

அடுத்தது ஒப்பந்தம். இதில் நான் கொஞ்சம் உரக்கவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கதை திருட்டுப் போய்விடும் என்று பயந்து யாரிடமும் காட்டாமல் பூட்டி வைத்திருப்பவர்கள், முதல் வாய்ப்பு வந்ததும் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நஷ்டம். வெறும் கதைக் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. அதனால் வாயால் சொல்லித் திரியாமல் எழுதுங்கள், எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பிறகு தைரியமாகக் காட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் 'இன்று இருக்கிற, இனிமேல் வரப்போகிற எல்லா ஊடகங்களிலும்' என்று ஒரு வரி வந்தால் அங்கே நில்லுங்கள். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஊடகத்துக்கான உரிமை, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் போகாது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு வீண்செலவு கிடையாது.

இதை எனக்கு முதலில் சொன்னது யார்? என்னைவிட மூன்று வயது சிறிய ஓர் எழுத்தாளர். ஒரு ஒப்பந்தத்தில் ஏமாந்து கற்றுக்கொண்டு, நானும் ஏமாறக் கூடாது என்று சொன்னார். எழுத்தாளர்கள் ஒருவரோடொருவர் பேசாவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ஏமாற வேண்டும். 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு தொடருக்குக் குறைந்தது எத்தனை எழுத்தாளர்கள் வேண்டும், செயற்கை நுண்ணறிவு எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். தனியாக ஒருவர் கேட்டிருந்தால் வேலைதான் போயிருக்கும்.

இப்போது தொடர்புக்கு வருகிறேன். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். 55.6 சதவீதம் பேருக்கு எப்போதாவது பார்ப்பவர் மூலம், 27.8 சதவீதம் பேருக்கு அரிதாகப் பார்ப்பவர் மூலம். யோசித்தால் காரணம் புரியும். உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த சேதி உங்களுக்கும் தெரியும். எப்போதோ ஒரு குறும்படத்தில் சேர்ந்து வேலை பார்த்த ஒலிப்பதிவாளருக்கும், எடிட்டிங் உதவியாளருக்கும் வேறு உலகச் சேதி தெரியும். அவர்களை மறக்காதீர்கள். அவர்கள் வேலை வெளியானால் பார்த்துவிட்டு, எந்த இடம் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். உதவி கேட்கிற நாளில் மட்டும் எழுதாதீர்கள்.

நெருக்கமான கூட்டம் வேண்டாமா என்றால், வேண்டும். அது எழுதுவதற்கு. நாலைந்து பேர் சேர்ந்து ஒருவர் எழுதியதை ஒருவர் படியுங்கள். படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லாதீர்கள். "எனக்கு ஒட்டலை" என்றும் சொல்லாதீர்கள். எங்கே உங்கள் கண் நின்றது என்று சொல்லுங்கள். '62ஆம் பக்கத்தில் அவள் கதவைத் திறக்கிறாள். 58இல் அவனைக் கண்டு அவ்வளவு பயந்தவள் ஏன் திறந்தாள் என்று எனக்குப் புரியவில்லை.' இப்படி ஒரு குறிப்பு வந்தால் எழுதியவருக்கு அது ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும். எப்படிச் சரிசெய்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அது அவர் கதை.

நான் ஸ்கிரிப்ட் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒன்று வந்தது. கதை நடுவில் உடைந்திருந்தது. 'தள்ளலாம்' என்றுதான் எழுதினேன். ஆனால் அதில் ஒரு அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவிக்கொண்டே சண்டை போடுகிற ஒரு காட்சி இருந்தது. சண்டை எதைப் பற்றி என்று இருவரும் கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். அந்தக் காட்சியை மறக்க முடியவில்லை. மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, எழுதியவருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச முதல் ஆள் நீங்கதான்."

அதன் பிறகு நான்கு வருடம் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்தோம். என் 138 பக்கம் 104 ஆனது அவரால்தான். அந்த 41 இரவுக் காட்சிகளில் 12தான் மிஞ்சின. ஐந்தாவது வருடம் அவருக்கு ஒரு வலைத்தொடரின் எழுத்துக் குழுவில் இடம் கிடைத்தது. இன்னொருவர் வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்ன பெயர் என்னுடையது. நான் தொழிலுக்குள் வந்தது அப்படித்தான்.

நம்பர் கேட்ட தம்பி இங்கே பின்வரிசையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். தம்பி, நேற்றுப் பயிற்சியில் அந்தப் பேருந்து நிலையக் காட்சியை எழுதிய பெண் உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு முழு ஸ்கிரிப்ட் இருக்கிறதாம், இதுவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லையாம். அதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுடையதை அவரிடம் கொடுங்கள். ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் எழுதுகிற குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள், ஸ்கிரிப்டையும் கூடவே வையுங்கள். நான் குறிப்புகளைத்தான் முதலில் படிப்பேன்.

நன்றி, வணக்கம்.