ஆறடி அகலத்தில் முதல் ஏழு நாள்

வணக்கம் நேயர்களே.

நானும் என் கணவரும் ஒரு வேனில் 14 மாதம் வாழ்ந்தோம். நிமிர்ந்து நிற்கிற உயரம் உள்ள வண்டி. பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தியிருந்தோம். உள்ளே ஆறடி அகலம். இதைச் சொன்னதும் எல்லோரும் எந்த ஊர் ரொம்ப அழகு என்றுதான் கேட்கிறார்கள். அழகைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் முதல் ஏழு நாளைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். ஏனென்றால், 14 மாதத்தில் நாங்கள் போட்ட சண்டையில் பாதிக்கு மேல் அந்த ஏழு நாளில் போட்டது.

எப்படித் தெரியும் என்றால், கணக்கு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, ஓடிய தூரம் எவ்வளவு என்று தினமும் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன். கோபம் வந்த நாளில் ஓரத்தில் சண்டையையும் குறித்துவைத்தேன்.

முதல் நாள் பக்கத்தின் ஓரத்தில் 'டார்ச்' என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது.

அன்று 410 கிலோமீட்டர் ஓட்டினோம். கிளம்பிய உற்சாகம். காரில் ஆறு மணி நேரம் பிடிக்கிற தூரம், சுமை ஏற்றிய வேனில் ஒன்பது மணி நேரம் ஆனது. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். தெரியாத இடம். அவர் பின்பக்கமாக வண்டியை எடுக்கிறார், நான் வண்டிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கத்துகிறேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. நேர் பின்னால் நின்றதால் கண்ணாடியிலும் நான் தெரியவில்லை. டார்ச் இருந்திருந்தால் அந்த மரக்கட்டை என் கண்ணில் பட்டிருக்கும். பம்பர் இடித்த சத்தத்துக்குப் பிறகு நடந்த உரையாடல் இது:

"டார்ச்சை எங்கே வச்சீங்க?"

"நீதானே கடைசியா எடுத்தே."

வீட்டில் இருபது வருடமாக எத்தனையோ பொருளைத் தொலைத்திருக்கிறோம், ஒரு நாளும் இதற்காகச் சண்டை போட்டதில்லை. வீட்டில் பொருளுக்கு இடம் தானாகவே அமைந்துவிடுகிறது. சாவி ஆணியில் தொங்கும், கத்தரி அந்த இழுப்பறையில்தான் கிடக்கும். யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததில்லை, வருடங்கள் தீர்மானித்தன. வேனில் அதையெல்லாம் முதல் நாளிலிருந்து இரண்டு பேர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் பசியிலும் களைப்பிலும். இது புரிய எனக்கு நாலு நாள் ஆனது. அதுவரை, இந்த மனிதர் இப்படிப்பட்டவரா, இத்தனை வருடம் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் எடுக்கிற விஷயத்துக்கு மறுநாள் காலையிலேயே ஏற்பாடு செய்துவிட்டோம். வழி காட்டுகிறவர் ஓட்டுநர் பக்கத்து ஓரத்தில், கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தனக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு அவர் முகம் தெரிந்தால் அவருக்கு நான் தெரிவேன். நான் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அவர் அந்த நொடியே பிரேக் போட வேண்டும். வாயால் பேச்சே கிடையாது. விரல்களை உள்பக்கம் மடக்கினால் வா, உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில். காலியான இடத்தில் பத்து நிமிடம் பழகினால் போதும். கிளம்புவதற்கு முன்பே பழகியிருக்கலாம்தான்.

இரண்டாம் நாள், எடை. லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடை ஒன்றில் வேனை ஏற்றினோம். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைவிட 140 கிலோ கூடுதல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று பள்ளியிலேயே படித்ததுதான். ஆனாலும் 90 லிட்டர் தொட்டியை நிரப்பும்போது ஒன்றரை ஆளை ஏற்றுகிறோம் என்று யாருக்குத் தோன்றுகிறது? எடை கூடினால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் கூடும், டயர் சூடாகும். மொத்த எடையோடு ஒவ்வொரு சக்கர அச்சின் மேலும் எவ்வளவு விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். கனமான சாமான்கள் அச்சுகளுக்கு நடுவில், தரையோடு தரையாக இருந்தால் வண்டி ஆடாது.

அன்று மாலை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பினோம். 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று எடுத்த சாமானே ஒரு குவியல். அவருடைய பெரிய கருவிப்பெட்டியா, என் புத்தகப் பையா என்று பஞ்சாயத்து நடந்தது. இரண்டும் போனது. தட்டு ஆளுக்கு ஒன்று போதும் என்று முடிவானது. கழுவினால்தான் அடுத்த வேளை சாப்பாடு என்றாகிவிட்டதால் பாத்திரம் குவிவதும் நின்றது.

சரி, இப்போது ராத்திரிக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்குக் குளிர் ஆகாது. அவருக்குப் புழுக்கம் ஆகாது. கூரையில் இருக்கிற காற்றுப்போக்கியை அவர் திறப்பார், அவர் தூங்கியதும் நான் மூடுவேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மழை என்று நினைத்தேன். வெளியே வானம் தெளிவாக இருந்தது. கையை நீட்டிக் கூரைத் தகட்டைத் தொட்டால் சில்லென்று ஈரம், விரல் போன இடமெல்லாம் கோடு. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கீழே சட்டத்தில் தேங்கியிருந்தது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் நனைந்த துணி மாதிரி இருந்தது.

எல்லாம் நாங்கள் விட்ட மூச்சு. தூங்குகிற இரண்டு பேர் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்கு ஈரத்தை வெளியே விடுவார்கள். வீட்டில் அது எங்கேயோ போய்விடும். வேனில் அதற்குப் போக்கிடம் இல்லை, குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகிவிடும். போதாததற்கு ராத்திரிச் சமையலைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். சமையல் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி உண்டாகும் என்று பிறகுதான் படித்தேன். கூரையிலும் கொஞ்சம், கீழே ஒரு ஜன்னலிலும் விரல் அகலம் திறந்து வைத்தால் போதும். குளிர்ந்த காற்று கீழே நுழையும், ஈரமான சூட்டுக் காற்று மேலே ஏறிப் போய்விடும். மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சட்டங்கள் போட வேண்டும். எனக்கு இன்னொரு போர்வை கிடைத்தது, காற்றுப்போக்கி திறந்தே இருந்தது. ராத்திரிச் சண்டை அதோடு தீர்ந்தது.

இதோடு சேர்த்து ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். அதனால் உண்டாகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதைக் கண்டுபிடித்து அலறுகிற கருவி உள்ளங்கை அளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கட்டும். கசிவைக் கண்டுபிடிக்கிற கருவி வேறு. சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும், ஆகவே அதைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும்.

கழிப்பறைப் பெட்டியைப் பற்றியும் கேட்பீர்கள். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும், முறை போட்டுக்கொண்டு காலி செய்ய வேண்டும். வானொலிக்கு இவ்வளவு போதும்.

நாலாம் நாள் ஒரு பெரிய மரத்தடியில் நிழலாக நிறுத்தினோம். வண்டி குளுகுளுவென்று இருந்தது, அவருக்குப் பரம திருப்தி. ஐந்தாம் நாள் ராத்திரி விளக்கு மங்கியது, ஃபிரிட்ஜ் நின்றுபோனது. நான் விசிறியை நாள் முழுக்கச் சுற்றவிட்டதால்தான் என்று அவர் சொன்னார். அவருடைய லேப்டாப்தான் காரணம் என்று நான் சொன்னேன். காலையில் இருவரும் கணக்குப் போட்டோம். எங்களுடையது 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில பேட்டரி. அது சீக்கிரம் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகக் கையில் இருப்பது 50தான். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் மட்டுமே ஒரு நாளைக்கு 30, 40 என்று குடிக்கும். வண்டி ஓடியிருந்தால் இன்ஜின் ஈடுகட்டியிருக்கும், நாங்கள் ஓட்டவில்லை. சூரியத் தகடோ மரநிழலில். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மின்சாரம் பாதாளத்துக்குப் போய்விடும். விசிறியும் குற்றவாளி இல்லை, லேப்டாப்பும் இல்லை. மரம்தான். அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் வோல்ட் பார்த்து எழுதுவது என் வேலையானது. எதுவும் ஓடாமல் சற்று நேரம் கிடந்த பேட்டரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி.

இடம் போதவில்லை என்று நான் முனகியபோதெல்லாம் அவர் குந்தர் ஹோல்டார்ஃபை இழுப்பார். ஜெர்மன்காரர். மனைவி கிறிஸ்டீனோடு ஒரு மெர்சிடிஸ் ஜீப்பில் உலகம் சுற்றியவர். பின் இருக்கையை எடுத்துவிட்டு அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். ஒன்றரை வருடம் என்று 1980களின் கடைசியில் ஆரம்பித்த பயணம் 2014 வரை நீண்டது, கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர். 2010இல் கிறிஸ்டீன் இறந்த பிறகும் அவர் ஓட்டினார். "பார், நம்ம வேன் அவங்களுக்கு மாளிகை" என்பார் இவர். "முதல் வாரம் எப்படி இருந்துச்சுன்னு கிறிஸ்டீன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்று நான் கேட்டேன். பதில் இல்லை.

உண்மையில் இடத்தைவிட எனக்குத் தட்டுப்பாடாக இருந்தது தனிமை. வீட்டில் அவர் ஒரு பக்கம் போவார், நான் ஒரு பக்கம் போவேன், சாயங்காலம் சொல்ல ஏதாவது இருக்கும். வேனில் அவர் பார்த்ததைத்தான் நானும் பார்க்கிறேன். புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆறாம் நாள் நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து, ஓடையில் ஒரு பறவை தலைகீழாக முங்கி எழுந்ததைச் சொன்னேன். அவர் நிஜமாகவே ஆர்வமாகக் கேட்டார். அன்று முதல் தினமும் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் வெளியே. கோபித்துக்கொண்டு போகவில்லை என்று தெரிய, போகும்போது எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஆறாம் நாளே இன்னொன்றும் முடிவானது. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், நாலு மணிக்குள் நிறுத்திவிட வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு நாள் சக்கரம் நகரக் கூடாது. அப்புறம், நடைபாதையில் ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். இது சட்டம்.

ஏழாம் நாள் முழுக்க மழை, இறங்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்த ஆறடிக்குள் பன்னிரண்டு மணி நேரம் இருந்தோம். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது: தண்ணீர் 30 லிட்டர், பேட்டரி 12.5, தூரம் பூஜ்யம், மழை. ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த ஓரத்தில் அவர் கையெழுத்து: 'ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தேன். டார்ச் இருந்தது.'

நன்றி. வணக்கம்.