கண்டென்சர் மைக்ல சவுண்டு கம்மியா வருதா? 48 வோல்ட் வேற, கெயின் வேற

அடுத்த கேள்வி. "அண்ணா, வீட்ல பாட்டு ரெக்கார்டு பண்ண பிஎம் 800 கண்டென்சர் மைக் வாங்கினேன். 48 வோல்ட் ஃபேண்டம் பவர் பாக்ஸும் வாங்கி லேப்டாப்ல மாட்டிட்டேன். வால்யூம் 100 வச்சும் கத்திப் பாடினாத்தான் கேக்குது. ஆடாசிட்டின்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல சவுண்டை ஏத்தினா ஒரே இரைச்சல். மைக் போச்சா?"

மைக் போயிருக்காது தம்பி. கண்டென்சர் மைக் வேலை செய்ய கரண்ட் வேணும். அந்த 48 வோல்ட் பாக்ஸ் அதைக் குடுக்கும், அவ்வளவுதான். சவுண்டை ஏத்துற வேலை ப்ரீஆம்ப்போடது, எவ்வளவு ஏத்துதுங்கிறதுதான் கெயின். அது உங்ககிட்ட இப்போ லேப்டாப்புக்குள்ள இருக்கிற சின்ன சர்க்யூட்தான்.

அதுக்கும் முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு மைக் வலையை நகத்தால லேசா சுரண்டுங்க. அப்புறம் லேப்டாப் கேமரா பக்கத்துல அதே மாதிரி சுரண்டுங்க. கேமரா பக்கம்தான் சத்தமா விழுதுன்னா, இவ்வளவு நாளா நீங்க பாடினது லேப்டாப் மைக்குக்கு! நான் பாத்த வரைக்கும் பாதிப் பேருக்குப் பிரச்சனை இதுதான். காரணம், இப்போ லேப்டாப்ல ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேத்து ஒரே ஓட்டை. அதுக்கு மூணு கறுப்பு வளையம் உள்ள பின் வேணும். பாக்ஸோட வர்ற வயர்ல பெரும்பாலும் ரெண்டு வளையம்தான் இருக்கும். அதை லேப்டாப் ஹெட்போன்னு எடுத்துக்கும். மைக்குக்குத் தனி ஓட்டை உள்ள சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்குங்க, தீர்ந்துரும்.

சரி, மைக்லதான் விழுது, ஆனா கம்மியா இருக்குன்னா? விண்டோஸ்ல பழைய கண்ட்ரோல் பேனல், சவுண்ட், ரெக்கார்டிங், அந்த மைக்கோட ப்ராப்பர்ட்டீஸ், லெவல்ஸ் போங்க. பல லேப்டாப்ல அங்க மைக்ரோபோன் பூஸ்ட்னு தனியா இருக்கும். 10, 20, 30 டெசிபல்னு (சத்தத்தை அளக்கிற அளவு) ஏறும். 20 வச்சுப் பாருங்க. 30 போனா ஃபேன் சத்தமும் கூடவே ஏறி வரும்.

அடுத்து, மைக்கை எப்படிப் பிடிக்கிறீங்க? மேடை மைக் மாதிரி உச்சியில வாய் வச்சுப் பாடக்கூடாது. இது பக்கவாட்டுல கேக்கிற மைக். பேர் போட்ட பக்கம்தான் பொதுவா முன்பக்கம். அதுக்கு நேரா ஒரு சாண் தள்ளி நில்லுங்க. தூரத்தைப் பாதியா குறைச்சாலே கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும், காசு செலவில்லாம.

இன்னொரு விநோதமான கேஸ். இயர்போன்ல நல்லா கேக்குது, போன் ஸ்பீக்கர்ல குரலே காணோம்பாங்க. மைக் பக்கம் எக்ஸ்எல்ஆர் (மூணு முள் உள்ள உருண்டை பின்), லேப்டாப் பக்கம் சின்ன பின்னு வர்ற சில வயர்கள் ஒரே குரலை இடதுல நேராவும் வலதுல தலைகீழாவும் அனுப்பும். ஒரே ஸ்பீக்கர்ல ரெண்டும் சேரும்போது ஒண்ணையொண்ணு அடிச்சிரும். ஆடாசிட்டியில ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ குடுத்து, ஒரு ட்ராக்கை அழிச்சிருங்க.

பின்னாடி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ப்ரீஆம்பும் 48 வோல்ட்டும் உள்ளேயே இருக்கிற, லேப்டாப்ல மாட்டுற பெட்டி) வாங்கினா அந்த பாக்ஸ் தேவையில்லை. ரெண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிளா பாத்து வாங்குங்க. கிட்டார் பின் வழியா 48 வோல்ட் போகாது. 48 வோல்ட் பட்டனை ஆன் பண்ணிட்டு, நீங்க பாடுறதுலயே சத்தமான வரியைப் பாடி, ரெக்கார்டிங் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொடுற மாதிரி கெயினைத் திருப்புங்க. மைக்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி 48 வோல்ட்டை அணைச்சிருங்க.

முதல்ல அந்த நகம் டெஸ்டைப் பண்ணிட்டு, எந்தப் பக்கம் சத்தம் வந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி.