கல்லில் ஒரு பெயர்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

1982 ஏப்ரலில் நான் பள்ளிக்கூடம் போகும் பையன். மாலைச் செய்தியில் ஃபாக்லாந்து, ஃபாக்லாந்து என்று தினமும் சொல்வார்கள். ஒருநாள் அப்பா என் அட்லஸைக் கொண்டுவரச் சொல்லித் தேடினார். தென் அமெரிக்காவின் அடிநுனிக்குக் கொஞ்சம் கிழக்கே, கடல் நடுவில் இரண்டு பொட்டு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுக்கா இத்தனை கப்பல் போகுது?" என்று கேட்டார்.

அந்தப் போரைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். கப்பல்களைப் பற்றியும் ஏவுகணைகளைப் பற்றியும் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் அந்தத் தீவில் இருக்கும் ஓர் இடுகாட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு முன்கதை கொஞ்சம் வேண்டும்.

தீவுகள் அர்ஜென்டினாக் கரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர், பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். புல், செம்மறி ஆடு, ஓயாத காற்று. அன்றைக்கு அங்கே குடியிருந்தவர்கள் 1,800 பேர், பெரும்பாலும் பிரிட்டிஷ் வம்சாவளியினர். 1833 முதல் தீவுகள் பிரிட்டன் கையில். அர்ஜென்டினா அவற்றை மால்வினாஸ் என்று அழைக்கும். ஸ்பெயினிடமிருந்து தனக்கு வந்த சொத்தைப் பிரிட்டன் பறித்துக்கொண்டது என்று பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அப்போது அர்ஜென்டினாவை ஆண்டது ஜெனரல் கால்தியேரி தலைமையிலான ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானோரைக் காணாமல் ஆக்கிய ஆட்சி அது. விலைவாசியும் கட்டுக்கு அடங்கவில்லை. மார்ச் 30 அன்று தொழிலாளர்கள் புவெனஸ் அயர்ஸ் வீதிகளில் திரண்டார்கள், போலீஸ் அடித்து விரட்டியது. ஏப்ரல் 2 அன்று படை தீவில் இறங்கியது. அடி விழுந்த அதே நகரத்தில், அரண்மனைக்கு முன்னால், பெருங்கூட்டம் கொடி பிடித்து ஆரவாரம் செய்தது. நடுவில் மூன்றே நாள்! எனக்கு இந்தப் போரில் மனதை உறுத்துகிற இடம் இதுதான். ஆட்டம் கண்ட நாற்காலியைத் தாங்கிப்பிடிக்கப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

லண்டனில் பிரதமர் மார்கரெட் தாட்சர். சில நாட்களிலேயே கப்பற்படை கிளம்பிவிட்டது. அதற்குத் தலைமைக் கப்பலாகப் போன ஹெர்மிஸ் நமக்குத் தெரிந்த கப்பல்தான். பிறகு இந்தியா வாங்கி, விராட் என்று பெயரிட்டு, 1987 முதல் 2017 வரை நம் கடற்படையில் இருந்தது.

போர் 74 நாள் நடந்தது. மே 2 அன்று பிரிட்டனின் நீர்மூழ்கி ஒன்று ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினாக் கப்பலை மூழ்கடித்தது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 323 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலில் ஏவுகணை பாய்ந்து 20 பேர். ஜூன் 14 அன்று அர்ஜென்டினாப் படை சரணடைந்தபோது அவர்கள் பக்கம் 649 பேர், பிரிட்டன் பக்கம் 255 பேர் போயிருந்தார்கள். தீவுக்காரர்களில் மூன்று பெண்கள். ஸ்டான்லி ஊரில் ஒரு வீட்டில் ஒதுங்கியிருந்தவர்கள். தங்களை மீட்க வந்த பிரிட்டிஷ் படையின் குண்டு பட்டே செத்தார்கள்.

சரி, அந்த 649 பேரில் பலர் யார்? கட்டாய ராணுவ சேவைக்கு வந்த 18, 19 வயசுப் பையன்கள். கொரியெந்தஸ், சாக்கோ போன்ற வெப்பமான வடக்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களை அந்தக் குளிர்காலத்தில் தீவின் குன்றுகளில் உட்கார வைத்தார்கள். அங்கே மண் என்பது நீர் ஊறிய கரிச்சதுப்பு. இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும். பதுங்குகுழிக்குள் நாள்கணக்கில், வாரக்கணக்கில், ஈரப் பூட்ஸோடு நின்றார்கள். காய வைக்க வெயிலும் இல்லை, மாற்ற இன்னொரு ஜோடியும் இல்லை. பாதம் வெளுத்து, மரத்து, பிறகு அழுகியது. ஸ்டான்லி கிடங்கில் உணவு இருந்தது, குன்றுக்கு வந்து சேரவில்லை. பசி தாங்காமல் ஆட்டைத் திருடி அறுத்துத் தின்ற பையன்களைக் கைகால் கட்டி, முளையடித்து, வெறும் தரையில் கிடத்தித் தண்டித்தவர்கள் எதிரிகள் அல்ல, அவர்களுடைய அதிகாரிகளே.

ஊரில் தாய்மார்கள் கம்பளித் துண்டு பின்னி அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் முகம் தெரியாத 'அர்ஜென்டினா வீரருக்கு' என்று கடிதம் எழுதினார்கள். பெரும்பாலானவை போய்ச் சேரவே இல்லை.

போர் முடிந்ததும் உடல்கள் குன்றுகளில் ஆங்காங்கே, அவசரமாகத் தோண்டிய குழிகளில் கிடந்தன. 1983 தொடக்கத்தில் அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலை ஜெஃப்ரி கார்டோசோ என்ற பிரிட்டிஷ் அதிகாரியிடம் வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயசுக்குச் சற்று மேல். பல பையன்களின் கழுத்தில் அடையாளத் தகடே இல்லை. அவர் ஒவ்வொரு சட்டைப் பையாகத் தேடினார். கிடைத்த கடிதம், ஜெபமாலை, எந்தக் குன்றில் எந்த இடத்தில் எடுத்தது என்பதெல்லாம் குறித்து வைத்தார். உடல்களைப் பொதிந்து தனித்தனிப் பெட்டியில் வைத்து, டார்வின் என்ற இடத்தில் அடக்கம் செய்தார். பெயர் தெரியாதவர்களின் கல்லில், 'கடவுளுக்கு மட்டும் தெரிந்த அர்ஜென்டினா வீரர்' என்று ஸ்பானிய மொழியில் எழுத வைத்தார். அங்கே இருக்கும் 230-க்கு மேற்பட்ட கல்லறைகளில் ஏறத்தாழ பாதி அப்போது அப்படிப்பட்டவையாக இருந்தன. நேற்றுவரை சுட்டுக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து வந்த மனிதர், இன்னொரு தாயின் பிள்ளையை இத்தனை பொறுப்பாக எடுத்து வைத்தாரே என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

அப்புறம் வருடங்கள் ஓடின. இடுகாட்டுக்குப் போக வாய்த்த தாய்மார்கள் ஏதோ ஒரு பெயரில்லாத கல்லைத் தேர்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பினார்கள். 2008-இல் ஹுலியோ ஆரோ என்ற முன்னாள் அர்ஜென்டினா வீரர் அங்கே போய் அந்தக் கற்களைப் பார்த்தார். பிறகு லண்டன் போனபோது கார்டோசோவைச் சந்தித்தார். கார்டோசோ தன் பழைய அறிக்கையின் பிரதியை அவர் கையில் கொடுத்தார். எந்தக் குழியில் யார் என்பதற்கான தடயம் எல்லாம் அதில் இருந்தது.

அதன்பின் இரண்டு அரசுகளும் ஒப்புக்கொள்ள 2016 டிசம்பர் ஆகிவிட்டது. உடலைத் தோண்டி எங்கோ கொண்டுபோய்விடுவார்களோ என்று சில குடும்பங்கள் பயந்தன, மறுத்தன. அவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது. 2017-இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் நிபுணர்கள், கடுங்குளிரில், ஒவ்வொரு குழியாகத் திறந்து மாதிரி எடுத்து, மறுபடி அதே இடத்தில் அடக்கம் செய்தார்கள். கோர்தோபா நகரத்து ஆய்வகத்தில் அவற்றைக் குடும்பத்தார் கொடுத்த மரபணு மாதிரியோடு ஒப்பிட்டார்கள். அந்த டிசம்பருக்குள் 88 பேருக்குப் பெயர் கிடைத்தது. பின்னால் இன்னும் கூடியது.

2018 மார்ச்சில் இருநூறுக்கு மேற்பட்ட உறவினர்கள் விமானத்தில் போய் இறங்கினார்கள். வெள்ளைச் சிலுவைகளின் வரிசையில் புதிய கறுப்புக் கற்கள். ஒவ்வொருவரும் குனிந்து எழுத்தைப் படித்தபடி நடந்து, தங்கள் பெயர் வந்ததும் நின்றார்கள். மகன் போனபோது நாற்பது வயசாக இருந்த தாய்க்கு அன்று எழுபத்தாறு.

பழைய வாசகத்தோடு இன்னும் சில கற்கள் அந்த வரிசையில் நிற்கின்றன.

வணக்கம்.