காலையில் மடங்காத விரல்கள்

இங்கே கூடியிருக்கும் தாய்மார்களே, தோட்டத் தலைவர்களே, இளைஞர்களே, வணக்கம்.

என் தாயார் இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். விடியுமுன்னே அடுப்படியில் உட்கார்ந்து, ரொட்டிக்கு மாவு பிசைய முடியாமல், இரு கைகளையும் சுடுதண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி வைத்திருப்பார். பிரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போகும் நேரம் வரையிலும் விரல்கள் மடங்கமாட்டா. மலைக் குளிர் என்றார்கள், வாயு என்றார்கள். நாங்களும் நம்பி மூன்று வருடம் தைலம் தடவினோம். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. அது ருமட்டொயிட் மூட்டுவாதம் என்பது கண்டிக்குக் கொண்டுபோன பிறகே தெரிந்தது.

குளிர் வலியைக் கூட்டலாம். இந்த நோயை அது உண்டாக்குவதில்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவலே தவறுதலாக மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் மூட்டு வீங்கி, கவனிக்காவிட்டால் எலும்பும் அரிக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். வயதானவர்களின் முழங்கால் தேய்மானம் நடந்தால் வலிக்கும், இருந்தால் ஆறும். இதுவோ ஓய்வுக்குப் பிறகுதான் மோசமாகும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் விரல்களின் அடிமூட்டும் மணிக்கட்டும் வீங்கியிருந்தால், தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தோடு நின்றுவிடாமல், மூட்டுவாத கிளினிக் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதத் துண்டு கேட்டு வாங்குங்கள். முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெதோட்ரெக்ஸேட். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: அது வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மருந்து. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற எண்ணியிருப்பவர் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத என் தாயாருக்காக வீட்டுக் கலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எந்த வீட்டுப் பிள்ளையாலும் இதைச் செய்ய முடியும். பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் குளிசை இரண்டு நாளில் வலியைப் போக்கும், ஆனால் வைத்தியர் கண்காணிப்பின்றி அதைத் தொடர்வதும், திடீரென நிறுத்துவதும் தீங்கு.

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் நோயாளிக்கு வேண்டியது மனிதத் துணை. வீக்கம் வெளியே தெரியாத நாட்களிலும் கை வேகம் குறைந்தே இருக்கும். அதைச் சோம்பல் என்று கொழுந்து மலையில் எல்லார் முன்னிலையிலும் ஏசியதைக் கேட்டு என் தாயார் அழுததை நான் பார்த்தேன். பக்கத்துக் காம்பராவினர் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் அதுவே பேருதவி. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர், அதாவது அன்றைய கூலிக் கணக்கு, இல்லாமற் போகும் என்று பயந்தே பலர் மருந்தை இடையில் விடுகிறார்கள். ஆகவே, கிளினிக் கொப்பியைக் காட்டும் பெண்ணுக்கு அன்றைய பேரைப் போட வேண்டும் என்று, தலைவர்களே, தோட்டத்தை நடத்தும் துரையோடு அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்.